பீரோவை நகர்த்தித்தான் காட்டினேன்!



'வீடு விற்பனைக்கு' என்று வாசலில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டதும் ஆண்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. நமக்கு அன்றைக்குத்தான் ஆரம்பம். யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. வருகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், பாத்ரூமைப் பார்ப்பார்கள், பரணைப் பார்ப்பார்கள், விட்டால் பிரிட்ஜைக்கூடத் திறந்து பார்ப்பார்கள்! அவர்கள் வருவதற்குள் வீட்டைத் தயார் செய்து வைக்க வேண்டியது நம் தலையில்தான் விடிகிறது. சரி, செய்வோம். ஆனால் இந்தத் 'தயார் செய்வது' எதுவரைக்கும் என்பதில்தான் எனக்கும் எங்கள் புரோக்கருக்கும் வாக்குவாதமே வந்தது. வீட்டைச் சுத்தமாக்கிக் காட்டலாம், குறையை மூடி வைத்துக் காட்டக் கூடாது என்பது என் கட்சி. இதை எடுத்துச் சொல்ல வேண்டியவளும் அந்த வீட்டில் தினம் புழங்குகிற பெண்தான்.

எங்களுடையது திருச்சியில் என் மாமனார் 1994-ல் கட்டிய வீடு. ஹால், இரண்டு ரூம், சமையலறை, பின்னால் துணி துவைக்கிற இடம், மேலே மொட்டை மாடி. மாமனார் 2021-ல் காலமானார். என் கணவருக்கு வேலை கோயம்புத்தூருக்கு மாறி, வாரம் ஒரு முறை வந்து போய்க்கொண்டிருந்தார். பையன் பத்தாவது போவதற்குள் எல்லோரும் ஒரே ஊரில் இருக்க வேண்டும், அங்கே சின்னதாகவாவது சொந்த வீடு வாங்க வேண்டும் என்றால் இதை விற்றால்தான் முடியும். மார்கழியில் வேண்டாம், தை பிறக்கட்டும் என்று காத்திருந்து, 2025 தையில் அட்டை மாட்டினோம்.

முதலில் சுத்தம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விற்கிற வீட்டுக்கு அழுக்கைவிடப் பெரிய எதிரி சாமான்கள்! எங்கள் பரணிலிருந்து மட்டும் எட்டு மூட்டை இறங்கியது. ஓடாத கிரைண்டர், மூன்று மிக்ஸி அட்டைப்பெட்டிகள், கைப்பிடி இல்லாத குக்கர், என் நாத்தனாரின் காலேஜ் நோட்டுகள், எதற்கென்றே தெரியாத மூடிகள்... பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போனதும் ரூமைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. இத்தனை பெரிய ரூமா என்று என் பெண்ணே கேட்டாள். எப்படியும் வீடு மாறும்போது கழிக்கப்போகிற சாமானை நாலு மாதம் முன்னால் கழித்துவிட்டால் பாதி வீடு தயார்.

அடுத்து சின்னச் சின்ன ரிப்பேர். சொட்டுகிற குழாய்க்கு வாஷர், கிரீச்சிடுகிற கதவுக்கு எண்ணெய், பியூஸ் போன பல்புக்குப் பதில் புது பல்பு, கிழிந்த கொசுவலைக்கு ஒட்டு. ஒவ்வொன்றும் சில்லறைச் செலவுதான். ஆனால் வாங்க வருகிறவர் ஒரு குழாய் சொட்டுவதைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னும் என்னென்ன ஒழுகுதோ என்றுதான் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

பாத்ரூம் டைல்ஸில் போர் தண்ணீரின் உப்புக் கறை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடுகிறது. அவசரத்தில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள் தோழிகளே! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், நெஞ்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து. எலுமிச்சையும் வினிகரும்கூட பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது. மொசைக் தரையில் ஆசிட் பக்கமே போக வேண்டாம், பளபளப்பு போய்ச் சொரசொரவென்று ஆகிவிடும்.

வாடை என்று ஒன்று இருக்கிறதே, அது நம் வீட்டுடையது நமக்குத் தெரியாது. எதிர் வீட்டு அக்காவை வரச் சொல்லி, "உள்ள வந்ததும் என்ன வாடை அடிக்குது, மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டேன். "பின் பாத்ரூம் பக்கம் சாக்கடை வாடை" என்றார். அந்த பாத்ரூமை நாங்கள் உபயோகிப்பதே இல்லை. தண்ணீர் போகிற ஜாலிக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே வராது. உபயோகிக்காவிட்டால் அது வற்றிப்போய் நாற்றம் ஏறிவிடும். தினம் இரண்டு மக் தண்ணீர் ஊற்றினேன், சரியாகிவிட்டது. இதைத் தெரியாமல் எத்தனை பேர் ரூம் ஸ்பிரே வாங்கி அடிக்கிறார்களோ!

இதுவரைக்கும் புரோக்கரும் நானும் ஒற்றுமைதான். எங்கள் வீட்டுப் பின் ரூம் வடக்குச் சுவரில் ஓதம் உண்டு. கூரை மூலையில் ஆரம்பித்து ஆள் உயரம் வரைக்கும் இறங்கியிருக்கும். மாடியில் பதித்த தட்டோடு அங்கங்கே விரிசல் விட்டு, மழைத் தண்ணீர் குழாய் வாயில் தேங்கி இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அந்த மூலையில் கட்டில் போட முடியாது. நடுராத்திரியில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்து படுத்த நாட்கள் நிறைய.

புரோக்கர் பார்த்தார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பட்டி பாத்து ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிச்சிருங்கம்மா. இப்ப வெயில் காலம், எவன் வந்து பாத்தாலும் தெரியாது. சந்தேகமா இருந்தா பீரோவை அந்தப் பக்கம் நகத்திப் போட்டுருங்க" என்றார். என் கணவர் என்னைப் பார்க்காமல், "எல்லாரும் செய்யறதுதானே" என்றார்.

எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே பட்டி பார்த்தால் அடுத்த மழைக்கே பொக்குப் பொக்காக உரிந்து விழும். அன்றைக்கு அந்த ரூமில் யார் படுத்திருப்பார்கள்? வீசிங் உள்ள குழந்தையாக இருந்தால்? பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடப்போகிறவள் என்னை மாதிரி இன்னொரு பெண்தானே? கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வாங்குகிற வீட்டில் முதல் மழைக்கே இப்படி என்றால் அவள் நம்மை வாழ்த்துவாளா?

எங்கள் தெருவில் ஒரு வக்கீல் அக்கா இருக்கிறார். அவரிடம் கேட்டேன். 1882-ல் போட்ட சொத்து மாற்றுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதாம், இன்றைக்கும் அதுதான் நடைமுறையாம். அதில் 55-வது பிரிவு. வாங்குபவர் சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறை எதுவானாலும் விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடிக் கணக்கில் சேரும். கட்டிடத்தில் உள்ள குறைக்கு மட்டுமல்ல, பத்திரத்தில் உள்ள வில்லங்கத்துக்கும் இதே கதைதான். பட்டி பார்த்துப் பீரோவை வைப்பது சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், சட்டம் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது!

"அதெல்லாம் படிச்சவங்க பேசறது. நீங்க உண்மையச் சொன்னா வர்றவன் அஞ்சு லட்சம் கொறைப்பான்" என்று புரோக்கர் பயமுறுத்தினார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஓதம் என்று வாயால் சொன்னால் கேட்கிறவர் மனதில் அது வீடு முழுக்கப் பரவிவிடும். அதனால் கொத்தனார் ஒருவரை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, சரிவு சரிசெய்து, மறுபடி பதித்து, குழாய் வாயை அடைத்துக் கொடுக்க 75 ஆயிரம் ஆகும் என்று ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். கையில் அப்போது அவ்வளவு பணம் இல்லை. இருந்திருந்தால் நாங்களே செய்து, ரசீதையும் காட்டியிருப்போம். பணம் இல்லாததால் அந்தத் தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன். வீடு பார்க்க யார் வந்தாலும் பீரோவை நகர்த்தி, சுவரைக் காட்டி, தாளையும் காட்டுவேன். 75 ஆயிரம் என்று எழுதி இருக்கும்போது யாரும் ஐந்து லட்சம் என்று கேட்க முடியாதல்லவா?

இன்னொரு விஷயத்திலும் புரோக்கரோடு ஒத்துப்போகவில்லை. ஹாலில் மாலை போட்டிருந்த மாமனார் படத்தைக் கழற்றிவிடச் சொன்னார். "வர்றவங்க மொதல்ல பாக்கறது அதைத்தான், அபசகுனமா நெனைப்பாங்க" என்றார், அதுவும் என் மாமியார் எதிரிலேயே! அத்தை ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

இந்த வீடு மாமனார் சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது. உயில் எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பின் அத்தை, என் கணவர், நாத்தனார் மூன்று பேருக்கும் சமபங்கு. ஆக, மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரரிடம் போய், உன் புருஷன் படத்தைக் கழற்று என்று உத்தரவு போடுகிறார் கமிஷன் வாங்குகிறவர்! நான் அத்தையிடம் தனியாகக் கேட்டேன். "படம் எங்க இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும் அத்தை" என்றேன். ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, காலையில் அவரே, "என் ரூம்ல மாட்டு. தெனம் கண் முழிச்சதும் பாத்துக்கறேன்" என்றார். அப்படியே செய்தோம். படம் ஹாலை விட்டுப் போனது என்னவோ ஒன்றுதான். ஆனால் கேட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும் எவ்வளவு வித்தியாசம்! வயதானவர்கள் இருக்கிற வீட்டை விற்கும்போது, அவர்கள் உட்காருகிற ஈஸி சேர், வெற்றிலைச் செல்லம், மருந்து டப்பா எல்லாவற்றையும் பார்வைக்கு அழகாக இல்லை என்று ஒளித்து வைக்கிறோம். அவர்கள் அந்த வீட்டில் இன்னும் வாழ்ந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

வந்தவர்களில் ஒருவர் நேராகவே கேட்டார், இந்த வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று. "ஆமாங்க. எங்க மாமனார், 78 வயசுல, இதே ஹால்ல, அவர் கட்டில்ல" என்றேன். அவர்கள் திரும்பி வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

தையிலிருந்து ஆனி வரைக்கும் மொத்தம் பதினொரு குடும்பம் வந்து பார்த்தது. ஆடியில் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் புரோக்கர் மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் முன்பின் தெரியாத இரண்டு ஆண்களை அனுப்பிவிட்டார். நானும் அத்தையும் மட்டும் இருக்கிறோம். கதவைத் திறக்கவில்லை. "சனி, ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. வேறு நேரத்தில் காட்ட முடியாது" என்று போனில் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் வீட்டை வாங்க நிஜமாக நினைக்கிறவர் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டாரா? பீரோவைப் பூட்டி சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிற போட்டோக்களில் பிள்ளைகள் படம், சாமி அறை வெள்ளி, கதவு நம்பர் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரூமைப் பெரிதாகக் காட்டுகிற மாதிரி எடுக்கவும் வேண்டாம். நேரில் வந்து பார்த்ததும் முகம் வாடிவிடுகிறது.

வருகிறவர்களில் ஆண்கள் ரோடு எத்தனை அடி, வாசல் எந்தத் திசை, அக்னி மூலையில் அடுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பெண்கள் பார்ப்பது வேறு. குழாயைத் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கிறார்கள். வடகம் காயப்போட மாடியில் நிழல் விழாத இடம் எது, வாஷிங் மெஷின் எங்கே வைப்பது, பாத்திரம் துலக்கிய தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது... ஆனால் ஹாலில் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். அதனால் ஆண்கள் பத்திரம் பேசிக்கொண்டிருக்கும்போது பெண்களைப் பின்பக்கம் அழைத்துப் போய்விடுவேன். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், போர் தண்ணீர் உப்பு, சமையலறையில் காலை வெளிச்சம் நன்றாக இருக்கும் ஆனால் சித்திரையில் வேகும், பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர், எதிர்த்த மனையில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எல்லாம் சொல்வேன். கடைசியில் வீட்டை வாங்கியவர்கள் ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்து பார்த்த குடும்பம்தான். அந்த மருமகள் பீரோ பின்னால் இருந்த சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க வாடகை வீட்டுலயும் இப்படித்தான்க்கா" என்றாள்.

பெயிண்டைவிட முக்கியமாகத் தயார் செய்ய வேண்டியது பேப்பர்களை. தாய்ப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, கட்டிட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, கரண்ட் பில், மாமனாரின் இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீசில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பைலில் ஜெராக்ஸ் போட்டு வைத்தோம். வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் செலவில்லாமல் பார்க்கலாம், என் பையனே பார்த்துக் கொடுத்தான். நாத்தனார் கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டை விற்க முடியாது. "அவ வந்து போட்டுட்டுப் போவா" என்று லேசாகச் சொன்ன என் கணவரிடம், "கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீங்க, விலை பேசவும் கூப்பிடுங்க" என்றேன். அட்டை மாட்டுவதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசியாயிற்று. அவருடைய பங்கு அவர் கணக்குக்கே போனது.

விலை பேசிய அன்று புரோக்கர், "உள்ள போய்க் காபி போடுங்கம்மா" என்றார். காபி ஏற்கெனவே பிளாஸ்கில் இருந்தது. நானும் அத்தையும் அங்கேயே உட்கார்ந்தோம். வாங்குபவருக்கும் சிரமம் இருக்கிறது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று விலைக்கு மேலேயே 9 சதவீதம் அவர் தலையில். (பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்து 2023 ஏப்ரலில்தான் 2 ஆனது. பெண்கள் பெயரில் பதிந்தால் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்கு அதிலும் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்தது. எங்கள் வீடு அந்த வரம்புக்குள் வராது, சின்ன மனை வாங்குகிற தோழிகளுக்கு உபயோகப்படும்.) 46 லட்சம் கேட்டோம். அவர்கள் 44-ல் நின்றார்கள். 45 என்று முடிந்து, மாடி வேலைக்கான 75 ஆயிரத்தைக் கழித்து 44 லட்சத்து 25 ஆயிரம் என்று பேசி முடித்தோம். இரண்டு ஃபேன், கீசர், மோட்டார் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். அட்வான்ஸை ரொக்கமாகத் தர வந்தார்கள். வீடு, நிலம் விற்கிறபோது 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கிய அளவுக்கு அபராதம். வங்கி மூலமாகவே வாங்கினோம். ஆவணியில் பத்திரம் முடிந்தது.

பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் அந்த 75 ஆயிரம் நம்மோடு இருந்திருக்குமே என்று என் கணவர் இன்றைக்கும் சில சமயம் சொல்வது உண்டு. 75 ஆயிரம் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை, அதை நானும் மறுக்கவில்லை. இருந்தாலும் ஐப்பசி பிறந்து மழை பிடித்தபோது, அந்த வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்க எனக்குப் பயம் இருக்கவில்லை.

இப்போது கோயம்புத்தூரில் வாடகைக்கு இருந்துகொண்டு நாங்கள்தான் வாரா வாரம் வீடு பார்க்கப் போகிறோம். நான்கு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் என் கண் அங்கேதான் போகிறது. கோவைப் பக்கம் வீடு விற்கிற சகோதரிகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம். பீரோ கனமாக இருந்தாலும் பரவாயில்லை, நகர்த்த என் கணவரும் கூட வருவார்!

- ஒரு வாசகி, கோயம்புத்தூர்